சின்னவனும் ஃபோஸா பையனும்

கில்லார்னி, அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அப்பாவின் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிவிட்டது. நைட் டியூட்டி முடிந்து வந்தால் கண் படுக்கையைத்தான் தேடுகிறது. போனில் பேசினால் என்ன, அப்பா கடிதம் போட்டால் பதிலும் கடிதமாகத்தானே போக வேண்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். ஹீட்டர் அதிகம் போடுவதில்லை, இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போதும். அயிலை கிடைக்கிறது. ஆனால் இங்கே பாதிப்பேர் அதைத் தூண்டிலில் இரையாகக் கோர்க்கிறார்கள்! அப்பா பார்த்தால் அழுதுவிடுவீர்கள். மரச்சீனிக்குப் பதில் எப்போதும் உருளைக்கிழங்குதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னேனே, கொட்டுகிற மழையிலும் குடையில்லாமல் நாயோடு நடப்பவர். அவரிடம்தான் சின்னவன் விஷயத்தைச் சொன்னேன். சென்னை ஃபுட்பால் லீக் டீம் கூப்பிடுகிறது, அப்பா நம்ம சர்ச் பங்கு டீமை விட்டுப் போகக்கூடாது என்கிறார் என்று. அவ்வளவுதான், கெட்டிலைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசினார்.

இவர்களுடைய கேலிக் ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம். பக்கத்துக்கு 15 பேர். வலைக்குள் போனால் 3 பாயிண்ட், குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் சாதாரணமாக 1. கிளப் என்றால் அநேகமாகப் பங்குதான், நம்மைப் போலவே. காசு கிடையாது, நினைத்த கிளப்புக்கு மாறவும் முடியாது. கீழிருந்து மேலாக ஜூனியர், இன்டர்மீடியட், சீனியர் என்று தட்டுத் தட்டாகக் கிளப்புகள். ஜூனியர் என்றால் சின்னப் பையன்கள் என்று நினைத்தேன். இல்லை, தட்டின் பெயர்தான்.

கெட்டிக்காரப் பையன் கீழ்த்தட்டில் ஆடினால் பந்து எப்போதும் அவனைத் தேடி வரும், 17 வயதிலேயே ஆட்டத்தைத் தோளில் தூக்கப் பழகுவான் என்றார். ஆனால் எதிரே நிற்பவர்கள் மெதுவானவர்கள். மூன்று பேரைத் தாண்டிப் போகலாம், பந்தைத் தாமதமாகக் கொடுத்தாலும் தண்டனை இல்லை. அந்தப் பழக்கத்தோடு மேலே போனால், தலை நிமிர்வதற்குள் பந்து பறிபோயிருக்கும். நம்ம சின்னவனைப் பார்த்துச் சொன்னது போலவே இல்லையா அப்பா?

அதற்காகப் பெரிய இடத்துக்கு ஓடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் ஆட்டம் வளராது என்றார். பக்கத்து ஊர் ஃபோஸாவில் டேவிட் கிளிஃபோர்ட் என்று ஒரு பையன். 2017இல் 18 வயதுக்குட்பட்டோருக்கான அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் தனியாளாக 4 கோல், 4 பாயிண்ட் அடித்தான். பெரியவர் இதை ஜெபமாலை மாதிரி ஒப்பிக்கிறார். 2022இல் எங்கள் கெர்ரி கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அகில அயர்லாந்துக் கோப்பை, சிறந்த ஆட்டக்காரன் விருதும் அவனுக்கே. அப்போதும் அவன் ஊர் கிளப் ஜூனியர் தட்டில்தான். 2023 ஜனவரியில் ஊர் டீமோடு போய் ஜூனியர் கோப்பையையும் வாங்கி வந்தான்.

கீழ்த்தட்டில் இருந்து எப்படி இவ்வளவு தேறினான்? கெர்ரியில் சின்னக் கிளப்புகளின் ஆட்டக்காரர்களைச் சேர்த்து வட்டாரத்துக்கு ஓர் அணி கட்டி, சீனியர் போட்டியில் இறக்குகிறார்கள். இவன் ஈஸ்ட் கெர்ரி அணிக்கு ஆடி 2019, 2020, 2022, 2023 என நாலு முறை ஜெயித்தான். கடினமான ஆட்டமும் கிடைத்தது, ஊர் சட்டையும் போகவில்லை.

அதனால் சின்னவனை லீக்குக்கு அனுப்புங்கள். ஆனால் முதல் பதினொன்றில் இறக்குவார்களா என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். திருவிழா டோர்னமென்டுக்கு நம்ம பங்குக்கு வந்து ஆட வேண்டும் என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொள்ளலாம்.

போன ஞாயிறு பெரியவர் என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு பையன் விழுந்தான். அவன் அம்மா போட்ட சத்தம், கடற்கரை மணலில் சின்னவன் கணுக்கால் பிசகிக் கிடந்தபோது அம்மா போட்ட அதே சத்தம். நல்லவேளை, மழை பெய்துகொண்டிருந்தது.

சரி, படகுத் தவணைப் பணம் இந்த மாதம் 10ஆம் தேதிக்கு மேல்தான் வரும். சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுன் என்று அம்மா வாக்குக் கொடுத்தீர்களாமே, அரைப் பவுன் போதாதா? முட்டுவலிக்கு எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அப்புறம், குடம்புளி தீர்ந்துவிட்டது. வள்ளவிளை அக்கா அடுத்த மாதம் லீவு முடிந்து திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுங்கள். சின்னவன் பூட் அளவையும் எழுதுங்கள்.

அன்பு மகள்