என் மகன் கையில் கூன்யா வெற்றிலை கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு 16 வயது. மீசை அரும்பிவிட்டது, ஆனால் அறிவு வளர்ச்சி ஏழு வயதுப் பிள்ளை அளவுதான். ரங்கூன் தாம்வேயில் எங்கள் தெருமுனை டீக்கடையில் பெரிய பையன்கள் அவனைத் "தம்பி" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். அவனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

போன மாதம் ஒருநாள் பல்லெல்லாம் சிவப்பாக வந்து நின்றான். கூன்யா, அதாவது பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்த வெற்றிலை, வாங்கிவர அனுப்பியவர்கள் கூலியாக அவனுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், புகையிலை வைத்தே. போய்க் கேட்டேன். "பாவம்க்கா, அவனுக்கும் ஆசை இருக்காதா?" என்றார் ஒருவர். கெட்ட எண்ணம் இல்லை, தெரிகிறது. ஆனாலும் வயிறு எரிந்தது. இன்னொருவர், இனிமேல் புகையிலை இல்லாமல் தருகிறேன் என்றார். வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. 18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று நம் மியான்மர் நாட்டில் 2006-இல் சட்டமும் வந்தது. பெரியவர்களுக்குத்தானே வாங்குகிறான் என்று கடைக்காரர் கொடுத்துவிடுகிறார்.

சிகரெட் பெட்டியில் உள்ள புண் வாய்ப் படத்தைப் பார்த்தால் என் மகன் கண்ணைப் பொத்திக்கொள்வான். எழுத்துத் தெரியாதவனுக்கும் அது புரிகிறது. கூன்யா வருவதோ சின்ன பிளாஸ்டிக் பையில், அவன் நம்பும் அண்ணன் கையிலிருந்து. எதைப் பார்த்து அவன் பயப்படுவான்?

இப்போது தினமும் சாயங்காலம் வீட்டில் பழக்குகிறோம். என் மகள் டீக்கடை அண்ணன் மாதிரி "இந்தா தம்பி" என்று நீட்டுவாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம்ணே, அம்மா தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். முதலில் வாங்கிக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்றால் அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று பயம். இரண்டு வாரம் ஆனபிறகுதான் வாய் வந்தது. புற்றுநோய் என்றால் அவனுக்குப் புரியாது. வாய் புண்ணாகும், மீன் குழம்பு சாப்பிட முடியாது என்றால் புரிகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் மற்ற பெற்றோரும் செய்து பாருங்கள்.

அப்புறம், திஞ்சான் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வருகிறது. போன வருடம் தண்ணீர் விளையாட்டில் யாரோ ஜூஸ் என்று சொல்லி பீர் கொடுத்துவிட்டார்கள். அவன் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவன். அன்று ராத்திரி இரண்டு முறை வலிப்பு வந்தது.

அவனை வேலை சொல்லி அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஸ் வாங்க, ரொட்டி வாங்க அனுப்புங்கள், ஓடிப்போய் வாங்கி வருவான். கூலி கொடுக்கத் தோன்றினால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பால் தூக்கலாக இருந்தால் அவனுக்குப் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தாம்வே, ரங்கூன்