மால் காத்திருக்கட்டும்

ஐயா,

எங்கள் ஓசூர்ப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை, பெங்களூரு ஜே.பி. நகரில் 2019-ல் திறக்கப்பட்ட ‘இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்’ இசை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம்.

வெளியே ஒலித் தோட்டம். தடவினால் பாடும் கல், தட்டினால் சுரம் தரும் குழாய். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் அந்தக் கல்லை விட்டு நகர மறுத்துவிட்டான். (எனக்கும் மனம் வரவில்லை என்பது வேறு விஷயம்.) திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைப் பாடத்தில் மட்டுமே படித்த பிள்ளைகள் அவர்கள்.

1902-ல் கொல்கத்தாவில் கிராமபோன் இசைத்தட்டுக்காகப் பாடிப் பதிவுசெய்த பாடகி கௌஹர் ஜானின் கதையையும் சொன்னேன். ராகத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்கி, கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். “ரீல்ஸ் மாதிரியா மிஸ்?” என்றாள் ஒருத்தி. ஏறக்குறைய அப்படித்தான்!

ஆனால் சுற்றுலா ஏற்பாட்டாளர் இதற்கு ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். ஷாப்பிங் மாலுக்கோ மூன்று மணி நேரம். பள்ளிகள் பயணத் திட்டத்தைத் தாங்களே வகுத்து, இத்தகைய இடங்களுக்கு அரை நாளாவது தர வேண்டும்.

– ஓர் ஆசிரியை, ஓசூர்