பொயிலரை 80 பாகைக்குத் திருப்பிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் லண்டன் தொடர்மாடியைப் பராமரிக்கும் வீடமைப்புச் சங்கத்தின் திருத்தவேலைப் பிரிவினருக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தேன். 'உங்கள் அஞ்சல் கிடைத்தது' என்ற தானியங்கிப் பதிலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. எங்கள் மாடியில் பாதிப்பேர் தமிழர் என்பதால் அவர்களும் அறியட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

போன கிழமை ஆண்டுக் காஸ் சோதனைக்கு உங்கள் ஆள் வந்தார். கசிவு இல்லை என்று பார்த்துச் சான்றிதழ் தந்தார், அதற்கு நன்றி. போகும்போது, அறைகளைச் சூடாக்கும் றேடியேற்றர்களுக்குப் பொயிலர் அனுப்பும் தண்ணீரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஹீட்டிங் திருகை, நாங்கள் 55 பாகையில் வைத்திருந்ததை, 80க்குத் திருப்பிவிட்டு, 'தொட வேண்டாம்' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதை.

இதில் என்ன பிழை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலில் இருந்து புகையிலுள்ள ஆவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் பிடிக்கும் கொண்டென்சிங் பொயிலர்தான் பூட்டவேண்டும் என்று விதி வந்தது. ஒரு கனமீற்றர் காஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாகிப் புகையோடு போகிறது. எரியும் காஸின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியிலேதான் இருக்கிறது. றேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் 54 பாகைக்குக் கீழே இருந்தால், ஆவி பொயிலருக்குள்ளேயே நீராகி அந்த வெப்பத்தைத் தந்துவிட்டுப் போகும். 80இல் அனுப்பிய தண்ணீர் 60க்கு மேலேதான் திரும்பும். பிறகு எந்த வெப்பம் மிஞ்சும்? அந்த நீரை வெளியேற்றும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய், 55இல் ஓடியபோது ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது, இப்போது காய்ந்து கிடக்கிறது. வந்து பாருங்கள்.

பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் அன்ரி காட் மீற்றரில் இருப்பவர். சந்திக் கடையில் காசு போட்டால்தான் காஸ். பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஹீட்டிங் போடுவார், பிறகு நிறுத்திவிட்டுக் கோட்டோடு இருந்து ரிவி பார்ப்பார். அவர் கேட்டுத்தான் போன மாரியில் திருகைக் குறைத்துக் கொடுத்தேன். வீடு சூடாகக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது, உண்மைதான். ஆனால் அவருக்குக் கணக்குத் தெரிந்தது காட்டிலேதான்: "இந்தமுறை காட் இழுத்துப் பிடிக்குது தம்பி." இப்போது மீண்டும் குறைத்துவிடவா என்று கேட்டால் கையைப் பிடித்துத் தடுக்கிறார். "வேண்டாம், ஒட்டிப்போட்டுப் போயிருக்கினம். தொட்டால் வீட்டைவிட்டு எழுப்பிப்போடுவினம்." ஒரு ஸ்டிக்கர் செய்கிற வேலை இது. அவர் போடும் காசில் ஒரு பங்கு அவருடைய குசினி யன்னலுக்குப் பக்கத்தாலேயே வெளியே போகிறது.

திருகை 80க்குத் திருப்பாதீர்கள். நாங்கள் கேட்பது இதுதான். 2022 டிசெம்பரில் இந்த நாட்டு அரசாங்கமே கொம்பி பொயிலரை (தாங்கி இல்லாமல், குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கித் தருவது) 60க்குக் குறைக்கும்படி மக்களிடம் விளம்பரம் செய்தது. அந்த விளம்பரம் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் வந்து சேரவில்லைப் போலும்.

பொயிலர்களை மாற்றிய காலத்திலும் இப்படித்தான். 2018 ஏப்ரலில் இருந்து புதிதாய்ப் பூட்டும் கொம்பிக்கு, காஸை மிச்சப்படுத்தும் நான்கு வழிகளில் ஒன்று கட்டாயம். அவற்றில் ஒன்று, புகையின் வெப்பத்தைப் பிடித்து, குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் கருவி. நீங்கள் தேர்ந்தது இன்னொன்று: வீட்டுச் சூட்டைத் தானே பார்த்துக் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் தேர்மோஸ்டாற். அதன் வித்தையெல்லாம் இணையத்தில்தான் நடக்கும். அன்ரி வீட்டில் இணையம் இல்லை. பூட்டியதோடு விதி நிறைவேறிற்று. சுவரில் அழகாய் இருக்கிறது.

சுவரில் பூஞ்சணம் பிடித்தால் மட்டும் உடனே ஆள் அனுப்புகிறீர்கள், எங்கள் சமையலில் ஆவி கூட என்று சொல்ல! வாடகைக்காரரின் வாழ்க்கை முறையைக் குறை சொல்லாதீர்கள் என்று, வாடகை வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் 2021இலேயே அறிக்கை வெளியிட்டாயிற்று. சூடு காட்ட வசதியில்லாத வீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கி உள்ள வீடுகளில், கிருமி வளராமல் இருக்கத் தாங்கித் தண்ணீர் 60 பாகையாவது இருக்கவேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. தாங்கி இல்லாத கொம்பி வீடுகளில் ஹீட்டிங்கை 60க்கோ அதற்குக் கீழோ வைத்து, எத்தனை பாகையில் விட்டுப் போகிறார் என்பதைச் சோதனைத் தாளில் உங்கள் ஆள் ஒரு வரி எழுதட்டும். அந்த ஸ்டிக்கர்களைக் கழற்றுங்கள். அடுத்தமுறை பொயிலர் மாற்றும்போது புகைவெப்பம் பிடிக்கும் கருவியையும் யோசியுங்கள்.

அன்ரியின் வீட்டுக்கு மட்டும் கடிதம் ஒன்று தனியாக அனுப்பினால் பெரிய உதவி: திருகைத் தொடலாம், யாரும் எழுப்பமாட்டார்கள் என்று. அதைத் தமிழில் மொழிபெயர்த்து வாசித்துக்காட்டும் பொறுப்பு என்னுடையது.

பணிவுடன்,
இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர் ஒருவர்