நோயாளியைப் பேச விடும் ஆய்வுகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செவிலியர் ஆய்வுகள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். நம் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகள் பலவும் வினாத்தாள், போதனை, மறுபடியும் வினாத்தாள், மதிப்பெண் ஒப்பீடு என்றே முடிந்துவிடுகின்றன. நான் பணியாற்றிய வார்டில் இன்சுலின் பற்றிய வினாத்தாளுக்கு எல்லாம் சரியாகப் பதில் சொன்ன ஓர் அம்மா, அப்புறம் உட்கார்ந்து பேசியபோதுதான், களையெடுக்கப் போகும் நாளில் சாப்பாடு நேரம் தவறி மயக்கம் வருகிறதென்று ஊசியே போடுவதில்லை என்றார். இப்படிக் கேட்டறியும் பண்புசார் ஆய்வை, பங்கேற்பாளர் எண்ணிக்கை குறைவு என்று ஒதுக்குவது நியாயமே அல்ல. திரட்டிய தகவல்களிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் கிரவுண்டட் தியரி என்ற பண்புசார் ஆய்வு முறைகூட 1960-களில் கலிபோர்னிய மருத்துவமனைகளில் மரணத்தை நெருங்கிய நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் பிறந்ததுதான்.

நேர்காணல் எடுப்பதிலும் அதை எழுத்தாக்கிப் பகுத்தாய்வதிலும் முதலில் ஆய்வு வழிகாட்டிகளுக்குப் பல்கலைக்கழகம் பயிற்சி தர வேண்டும்.

— செவிலியர் ஆசிரியை ஒருவர், மதுரை