வரிசையில் நின்று நான் சொன்ன சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடியில் நெடுங்காலமாக ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். போன கிழமை வாலிபர் வகுப்பில், அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அவர்களைக் கனம்பண்ணச் சொல்லிப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய ரோமர் 13 வாசித்தோம். முடிப்பதற்குள் பின்வாங்கில் இருந்த பெடியன் கேட்டான்: "ரீச்சர், ஒரு கையொப்பத்துக்கு ஆறு தரம் அலைய வைக்கிறவங்களையும் கனம்பண்ணணுமா?"

எனக்கு முகம் சுட்டது. ஏன் என்பதை அவனிடம் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

மாரி வெள்ளத்தில் எங்கள் குசினிச் சுவர் இடிந்தது. நட்டஈட்டுப் படிவத்தோடு ஓர் அரச அலுவலகத்துக்கு நாலாம் தரம் போயிருந்தேன். பின்னேரம் இரண்டரை மணி. "அம்மா, சிஸ்டம் வேலை செய்யல்ல, நாளைக்கு வாங்களன்" என்றாள் மேசையில் இருந்த பிள்ளை. "சம்பளம் போடுற சிஸ்டம் மட்டும் ஒழுங்கா வேலை செய்யுதாக்கும்" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, பொய் சொல்லக்கூடாது. திரும்பும்போதுதான் கண்டேன், அவளுடைய சோற்றுப் பார்சல் கணினிக்குப் பக்கத்தில் அவிழ்க்காமலே கிடந்தது.

பவுலுக்கும் வாய் தவறியிருக்கிறது. விசாரணையில் தன்னை வாயில் அடிக்கச் சொன்ன அனனியாவை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று ஏசினார். அவர் பிரதான ஆசாரியர் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதும், ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக்கூடாது என்ற வேதவசனத்தைத் தானே எடுத்துச் சொன்னார். அதற்காக வழக்கை விட்டுவிட்டாரா? இல்லை. செசரியாவில் இரண்டு வருடம் காவலில் இருந்த பிறகும் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசனிடமே மேன்முறையிட்டார். ராஜாவைக் கனம்பண்ணச் சொல்லி இயேசுவின் சீஷரான பேதுரு எழுதியபோதும் ரோமில் கிறிஸ்தவ ராஜா ஒருவரும் இருக்கவில்லை. அதே பேதுருதான், மனுஷரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று யூதருடைய ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னவரும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கனம் என்று நம்மில் சிலர் போதிப்பது எங்கிருந்து வந்ததோ தெரியாது.

நம் சபைகளில் இன்னொரு கோணல். தேர்தல் கிட்ட வந்தால் முன்வரிசைக் கதிரைக்கு வெள்ளைத் துணி, வருகிறவருக்குப் பொன்னாடை. ஆராதனை முடிந்து வெளியே போனதும் கிராம உத்தியோகத்தரை "அவன், இவன்" என்போம். பியோனோடு ஒரு பேச்சு, பெரியவரோடு இன்னொரு பேச்சு. இதில் எது கனம்?

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பறவாயில்ல அம்மா, எல்லாரும் ஏசுறதுதான்" என்றாள், தலை நிமிராமல். அது எனக்கு ஏச்சைவிட உறைத்தது.

சுவர் இன்னும் இடிந்தபடிதான். அலைந்த திகதி ஒவ்வொன்றையும் குறித்து மேலதிகாரிக்கு மேன்முறையீடு அனுப்பியிருக்கிறேன். "கனம் ஐயா" என்றுதான் தொடங்கினேன். அந்தப் பிள்ளையின் பெயரை அதில் எழுதவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.