இழுத்தால் பிடிக்கிறது, செல்ஃப் அடித்தால் பிடிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 26 வருடமாக லாரி ஓட்டுகிறேன். அதில் கடைசி 11 வருடம் சொந்த வண்டி. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் வயரிங் வேலைக்கு விட்டு வாங்கிய வண்டி போன மாதம் நான்கு நாள் என்னைப் படுத்திய பாட்டை, லாரி வைத்திருப்பவர்கள் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி பழையது. கம்ப்யூட்டர் கிடையாது, பம்பும் நாசிலும் உள்ள பழைய மாதிரி டீசல் இன்ஜின். 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்துக் கோத்த 24 வோல்ட் வயரிங். ஹெட்லைட் மினுக்மினுக்கென்று எரிந்தது. சாசியில் உரசி உரசி வயர்க் கட்டும் தோலுரிந்து கிடந்தது. முழுவதையும் மாற்றிவிடச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். பட்டறைப் பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும்.

வேலை முடிந்து வாங்கப் போன அன்றே செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், முனகியது. "லைட்டைப் போட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணினோம்ணே, பேட்டரி இறங்கியிருக்கு. ஓடினா ஏறிடும்" என்றார்கள். இன்னொரு லாரியில் சங்கிலி கட்டி இழுத்து, கியரில் போட்டுக் கிளட்சை விட்டதும் டக்கென்று பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது, சார்ஜ் லைட்டும் அணைந்தது. நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிட்டேன்.

அன்று ஐந்து மணி நேரம் ஓட்டினேன். பேட்டரி ஏற அது தாராளம். மறுநாள் காலை லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, சாவியைத் திருப்பினால் அதே முனகல். உர்ர்... உர்... அவ்வளவுதான்.

வண்டி நின்றுவிட்டால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் பேட்டரி போச்சு என்றார். இன்னொருவர் செல்ஃப் மோட்டாரில் பிரஷ் தேய்ந்திருக்கும் என்றார். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், இன்ஜினையே இறக்கிப் பார்க்கச் சொன்னார். நான் பேட்டரி இரண்டையும் மாற்றினேன், முனகல் மாறவில்லை. செல்ஃபைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தோம். பிரஷ் நன்றாகவே இருந்தது. இப்படியே இரண்டு நாள் போனது. வயரிங் வேலைக்கு முந்தின நாள் வரை ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆன வண்டி இது என்பதை அந்த இரண்டு நாளும் யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

மூன்றாம் நாள், பழைய கூட்டாளி ஒருவர் மீட்டரோடு வந்தார். முதலில் பேட்டரியில் வைத்தார்: 25.2 வோல்ட். செல்ஃப் அடிக்கச் சொன்னார். 22க்கு இறங்கி அங்கேயே நின்றது. "பேட்டரி மேல தப்பில்ல" என்றார். அடுத்து அவர் செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்தார். இரண்டுமே எர்த்துதான், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி, நடுவில் வோல்ட் என்று ஒன்றும் பெரிதாகக் காட்டக்கூடாது. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி என்றார். நான் சாவியைத் திருப்பினேன். 7 காட்டியது.

அதாவது பேட்டரி கொடுத்த 22 வோல்ட்டில் ஏழு, வீட்டுக்கு வராமல் வழியிலேயே செலவாகிவிட்டது. செல்ஃபுக்குக் கிடைத்தது 15. 24 வோல்ட் மோட்டார் 15 வோல்ட்டில் முனகாமல் என்ன செய்யும்?

கீழே படுத்துப் பார்த்தோம். இன்ஜினிலிருந்து சாசிக்கு வரும் எர்த் பட்டை இருக்கிறதே, பின்னல் போட்ட செம்புப் பட்டை, அதைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் அழகுக்காகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். போல்ட் முறுக்காகத்தான் இருந்தது, கையால் ஆட்டினால் அசையவில்லை. ஆனால் பட்டையின் முனையில் உள்ள லக்குக்கும் சாசிக்கும் நடுவில் முழுக்கப் பெயின்ட். செல்ஃபுக்குப் பல நூறு ஆம்பியர் வேண்டும். போல்ட் மரை வழியாக ஒட்டியும் ஒட்டாமலும் கிடைக்கும் தொடுப்பில் அவ்வளவு கரன்ட் எப்படிப் போகும்? வழி கிடைக்காத கரன்ட் வேறு வழி தேடியிருக்கிறது. ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டேன், சுட்டது. இன்னும் நாலு தடவை அடித்திருந்தால் புகைந்திருக்கும்.

உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, லக்கையும் தேய்த்து முறுக்கினோம். இப்போது மீட்டரில் 0.3. செல்ஃப் சர்ரென்று சுற்றியது.

ஆனால் வண்டி பிடிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டாளி மட்டும் அசரவில்லை. கிளீனர் பையனைப் பின்னால் அனுப்பி, சைலன்சரில் புகை வருகிறதா பார் என்றார். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை என்று அர்த்தம். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை. பையன் துளிகூட இல்லை என்றான். அப்புறம் அவனே ஒன்று சொன்னான்: "சாவியை விடும்போது மட்டும் ஒரு தடவை புஸ்ஸுங்குதுண்ணே."

பதினெட்டு வயதுப் பையன். நாங்கள் இருவரும் கவனிக்காததை அவன் கவனித்திருக்கிறான்.

டீசல் இன்ஜினுக்குப் பிளக்கில் பொறி வேண்டாம். காற்றை அழுத்தின சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். என் வண்டி மாதிரிப் பழைய இன்ஜினுக்குக் கரன்ட் தேவைப்படுவது இரண்டே இடத்தில்: ஒன்று செல்ஃப், இன்னொன்று பம்பில் உள்ள ஸ்டாப் சோலினாய்டு என்கிற கரன்ட் வால்வு. சோலினாய்டுக்குக் கரன்ட் இருந்தால்தான் டீசல் திறக்கும், போனால் மூடிக்கொள்ளும். சாவியை ஆன் செய்ததும் அது 'டக்' என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

கூட்டாளி சோலினாய்டு வயரில் டெஸ்ட் லைட்டை மாட்டினார். சாவி ஆன்: லைட் எரிந்தது. செல்ஃப்: லைட் அணைந்தது. சாவியை விட்டேன்: மறுபடி எரிந்தது. பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் ரேடியோ, ஃபேன் போன்றவற்றின் கரன்டை இக்னிஷன் சுவிட்ச் தானே துண்டித்துவிடும், செல்ஃபுக்கு முழுதாகப் போகட்டும் என்று. புது வயரிங்கில் சோலினாய்டு வயரைக் கொண்டுபோய் அந்த ரேடியோ லைனில் சேர்த்திருக்கிறார்கள். இன்ஜின் சுற்றும்போது டீசல் மூடியிருக்கும். சாவியை விட்டதும் திறக்கும், அதற்குள் இன்ஜின் நின்றுவிடும். அந்த ஒரு புஸ் அதுதான். சங்கிலி கட்டி இழுத்தபோது ஏன் பிடித்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அப்போது சாவி ஆனிலேயே இருந்தது, டீசல் திறந்தே இருந்தது. பட்டறை வாசலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டியது. வயரைச் சரியான முனைக்கு மாற்றினோம். அரைச் சுற்றில் பிடித்தது.

புது வண்டிக்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர் கையில். சாவி ஆன் செய்ததும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் கம்ப்யூட்டருக்கே கரன்ட் வரவில்லை என்று சந்தேகப்படலாம். அதன் ஃபியூஸ், ரிலே, எர்த் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்றது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி மாட்ட மறந்திருந்தாலும் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் பல வண்டிகள் பிடிக்காது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பழைய வண்டியில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி டீசல் லைனில் புகுந்த ஏர் எடுத்த பழக்கத்தில், டீசலை மிக அதிக அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் வண்டியில் செல்ஃப் அடித்துக்கொண்டே நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது அந்த பைப்பில் 1,000 பார் அழுத்தத்துக்கு மேல் போகும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கை போய்விடும்.

எந்த வண்டியானாலும் செல்ஃபை விடாமல் அடிக்க வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடி, அப்புறம் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

எலக்ட்ரீஷியன் தம்பிகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. நூறு வயரைப் பிரித்துப் போடுகிற இடத்தில் ஒன்று மாறுவது சகஜம். ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். எந்த எர்த்தைக் கழற்றினோம், எந்தச் சாக்கெட்டைப் பிடுங்கினோம் என்று பில்லின் பின்பக்கம் நாலு வரி எழுதிக் கொடுங்கள். அப்புறம், இழுத்து ஸ்டார்ட் செய்து கொடுக்காதீர்கள். செல்ஃபில் ஸ்டார்ட் ஆகாத வண்டி, வேலை முடியாத வண்டிதான்.

அந்தப் பட்டறைக்கு மறுபடி போயிருந்தேன். சண்டை போடவில்லை. டெஸ்ட் லைட்டை மாட்டிக் காட்டினேன். வயரிங் செய்த தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதே மாதிரி இன்னும் ரெண்டு வண்டிக்குப் போட்டிருக்கேண்ணே" என்று போனை எடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்