பண்டிகைச் சீட்டை நிறுத்துகிறோம், கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பெல்ஃபாஸ்ட் கடையில் ஆறு வருடமாக நடந்துவந்த பண்டிகைச் சீட்டை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம். சீட்டுப் பணம் கட்டும்போது முத்திரை குத்தும் பச்சை அட்டை வைத்திருக்கும் 41 பேருக்கும் கட்டிய பணம் ஒரு பென்னி குறையாமல் வந்து சேரும். கடைக்கு எந்தக் கஷ்டமும் இல்லை, வியாபாரம் நன்றாகத்தான் போகிறது, யாரும் பதற வேண்டாம். நன்றாகப் போகும்போதே கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இந்த முடிவு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நர்ஸாக வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர் 20 பவுண்டை நீட்டிவிட்டு, நான் அட்டையில் முத்திரை குத்துவதைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, நாளைக்கே கடையை மூடிட்டா இந்தப் பணம் என்ன ஆகும்?" என்று கேட்டார். "கடை எங்கம்மா போகப்போகுது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் "அது எங்கே போகப்போகிறது" என்ற நம்பிக்கையிலேயே பணம் போட்டு ஏறக்குறைய 10,000 பேர் தவித்தது இதே வட அயர்லாந்தில்தான்.

உங்களில் பலர் அதற்குப் பிறகு இங்கே வந்தவர்கள், கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிரஸ்பிட்டேரியன் மியூச்சுவல் சொசைட்டி என்று ஒரு சங்கம், 1982-இல் தொடங்கியது. பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள் மட்டுமே அதில் உறுப்பினராகலாம். சட்டப்படி சபை வேறு, சங்கம் வேறு. ஆனால் பெயரிலேயே சபை இருக்கிறது, உடன் பணம் போட்டவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள், அப்புறம் யார் போய்ச் சட்டப் புத்தகத்தைப் புரட்டப் போகிறார்கள்? நானே திருநெல்வேலிப் பக்கம் சபையில் வளர்ந்தவன், எங்கள் ஊரிலும் சபைக் காரியம் என்றால் ரசீதுகூடக் கேட்க மாட்டோம். ஓய்வூதியக்காரர்கள், விவசாயிகள், சில சபைகளேகூடத் தங்கள் நிதியை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். மொத்தம் 30 கோடி பவுண்டுக்கு மேல்.

சங்கம் அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தது, வணிகக் கட்டடங்களிலும் நிறையப் போட்டது. அதில் யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை இல்லை. 2008-இல் நிலம், கட்டடம் எல்லாம் விலை சரிய ஆரம்பித்த அதே நேரத்தில், அக்டோபரில், வங்கியில் இருக்கும் சேமிப்புக்கு 50,000 பவுண்டு வரை காப்பு உண்டு என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அப்போதுதான் சனங்கள் கேட்கத் தொடங்கினார்கள், அப்படியானால் எங்கள் சொசைட்டிப் பணத்துக்கு? இல்லை என்பதுதான் பதில், ஏனென்றால் அது வங்கி இல்லை, அந்தக் காப்புத் திட்டத்துக்குள் அது வரவே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க வந்தார்கள், கட்டடத்தை ஒரே வாரத்தில் விற்றுக் காசாக்க முடியுமா? நவம்பர் 17-ஆம் தேதி சங்கம், நொடித்த நிறுவனங்களைப் பொறுப்பேற்று நடத்தும் நிர்வாகியின் கைக்குப் போனது. பணம் அப்படியே முடங்கியது.

எனக்கு இதை விளக்கியவர் நம் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்க வரும் ஒரு வயதான சபை மூப்பர். பில் போடும் மேஜையில் ரசீதைத் திருப்பிப் போட்டு, பேனாவால் நடுவே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே 20,000 பவுண்டு வரை போட்டவர்கள். அவர்கள் போட்டது பங்கு, அதாவது அவர்கள் சங்கத்தின் சொந்தக்காரர்கள். கோட்டுக்கு மேலே, அதற்கும் கூடுதலாகப் போட்டவர்களின் மீதித் தொகை, அது சங்கம் வாங்கிய கடன். ஒரு நிறுவனம் விழுந்தால் கடன் கொடுத்தவருக்குக் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் சொந்தக்காரருக்கு. அதாவது கொஞ்சமாகச் சேர்த்து வைத்த கிழவிதான் வரிசையில் கடைசி. சேமிப்புப் புத்தகம் என்று நினைத்துத்தான் அவர்கள் போட்டார்கள், பங்கு என்று நினைத்து எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? அந்தக் கோட்டை என்னால் மறக்கவே முடியவில்லை.

அப்புறம் நடந்தது நீண்ட அலைச்சல். கடிதங்கள், கூட்டங்கள், சபைத் தலைவர்கள் அரசிடம் போய்ப் பேசியது, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை. 2011-இல்தான் வழி பிறந்தது. 17.5 கோடி பவுண்டு அரசுக் கடன், லண்டனும் வட அயர்லாந்து அரசும் ஆளுக்கு 2.5 கோடி, சபை தன் பங்காக 10 லட்சம். நீதிமன்ற ஒப்புதலோடு பணம் வரத் தொடங்கியது, பெரிய தொகைக்காரர்கள் மீதிக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை இரண்டரை வருடத்துக்கு மேல். அதற்குள் இறந்துபோனவர்களும் இருந்திருப்பார்கள், அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

சரி, நம் கடைக்கு வருவோம். நீங்கள் மாதாமாதம் தரும் 10, 20 பவுண்டு தனிக் கணக்கில் இல்லை. கடையின் அன்றாடக் கணக்கில்தான் போகிறது, அதிலிருந்துதான் பொன்னி அரிசி மூட்டைக்கும் வேன் டீசலுக்கும் கொடுக்கிறேன். அவர்கள் பணம் கட்டடத்தில் இருந்தது, உங்கள் பணம் என் பின்னறையில் அரிசியாகவும் பருப்பாகவும் அடுக்கியிருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால், முதலில் எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்த பிறகு, நீங்கள் 41 பேரும் பச்சை அட்டையோடு வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். ஊரில் பலகாரச் சீட்டு பிடித்த அப்பாவைப் பார்த்துத்தான் நானும் தொடங்கினேன், அவர் ஏமாற்றியதில்லை, நானும் ஏமாற்ற மாட்டேன். ஆனால் என் நேர்மை உங்கள் பணத்துக்குக் காப்பு ஆகாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது, தெரிந்த பிறகும் வாங்குவது சரியில்லை.

சேமிப்பை விட்டுவிடாதீர்கள். அட்டையில் கட்டிய அதே தொகையை வங்கியிலோ, உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் சேமிப்புச் சங்கமான கிரெடிட் யூனியனிலோ போடுங்கள். வட அயர்லாந்து கிரெடிட் யூனியன்கள் 2012-இலிருந்து அந்தக் காப்புத் திட்டத்துக்குள் இருக்கின்றன. எங்கே போட்டாலும், கோயில், சபை, சங்கம், சொந்தக்காரர் யாராக இருந்தாலும், "இதற்குக் காப்பு உண்டா, எந்தத் திட்டத்தில்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

அட்டையைக் கொண்டுவந்தால் அன்றே கையில் பணம், அல்லது வங்கிக் கணக்குக்கு. அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, நோட்டில் எல்லோருடைய வரவும் தேதியோடு இருக்கிறது, சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட 3 பேருக்கு நானே போன் செய்கிறேன். சீட்டு கட்டியவர்களுக்குச் சொன்ன 5 சதவீதத் தள்ளுபடி தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அப்படியே உண்டு. செவ்வாய், வியாழன் மாலை 6 மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும், நிதானமாக எண்ணிக் கொடுக்கலாம். அந்தக் கேள்வி கேட்ட தங்கச்சியின் கணக்கை முதலில் முடித்துவிட்டேன், 160 பவுண்டு.

அன்புடன்,
கடை அண்ணாச்சி